கடலைக் கொடுத்துக் கடலை வாங்கியது

தலைப்பு இலக்கணச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததால்தான் இவ்வளவும் நடந்தது. 'டைனோசர் கண்காட்சி' என்று எழுதினால் போதும், பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும் என்று எங்கள் தோழர் சொன்னார். அறிவியல் பரப்பும் எங்கள் சிறு குழுவில் வேனை ஓட்டுபவரும் அவரே, தெர்மாகோலிலும் பழைய டயர் டியூபிலும் விலங்குகளைச் செய்பவரும் அவரே. நான் ஒப்பவில்லை. டைனோசர்கள் நிலத்தில் வாழ்ந்தவை. அவற்றின் இறுதிக் காலத்தில் கடலில் ஆட்சி செய்த மொசசார்கள் டைனோசர்கள் அல்ல. சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த அம்மோனைட்டுகள் கணவாய்க்கு உறவு. எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைத்து மக்களிடம் கொண்டுபோனால், தவறான தகவல் ஒன்று என் கையெழுத்தோடு ஊருக்குள் போகும். நிலவியலில் முதுகலை படித்துவிட்டு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

எனவே, 'டைனோசர் கால நிலகடல் உயிர்கள்' என்று எழுதினேன். நிலமும் கடலும் என்பது உம்மைத்தொகை. உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆகவே நடுவில் ஒற்று இல்லை. பாலக்கோட்டில் ஃபிளெக்ஸ் அடித்து ஊருக்குள் கட்டியும் தரும் கடை ஒன்றுக்கு இதையும், அடியில் இடம், நாளோடு 'அனுமதி இலவசம்' என்ற வரியையும், நீள்கழுத்து டைனோசர் ஒன்றின் படத்தையும் அனுப்பினேன். மாதிரி வந்தபோது நான் பேருந்தில் இருந்தேன். கைப்பேசித் திரையில் கட்டைவிரல் அளவே தெரிந்த அந்தப் படத்தில், டைனோசரின் வால் தரையில் இழுபடாமல் உயர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். பழைய படங்களில் அந்தத் தவறு மலிந்திருக்கும். வால் சரியாக இருந்தது. காலடியில் பச்சையாக ஏதோ செடியும் சேர்த்திருந்தார்கள். அந்தக் காலத்தின் கடைசியில் இந்தத் துணைக்கண்டத்தில் புல் முளைத்துவிட்டது, டைனோசர்கள் அதைத் தின்றும் இருக்கின்றன என்பதைக் கல்லாகிப்போன சாணத்தை வைத்துக் கண்டறிந்திருக்கிறார்கள். ஃபிளெக்ஸ் கடையில் யாருக்கோ அது தெரிந்திருக்கிறதே என்று மகிழ்ந்து, சரி என்று பதில் அனுப்பினேன்.

அதியமான்கோட்டையில் ஒரு சமுதாயக்கூடத்தை வெள்ளி, சனி இரண்டு நாட்களுக்குப் பேசியிருந்தோம். ஆடி வெள்ளி, எல்லோரும் கோயிலுக்குப் போய்விடுவார்கள், நாற்பது பேர் வந்தால் அதிகம் என்று தோழர் கணக்குப் போட்டிருந்தார். காலை பத்து மணிக்குள் நூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பெரும்பாலும் விவசாயிகள். பாலக்கோட்டிலிருந்து டிராக்டரில் ஒரு கூட்டமே வந்து இறங்கியது. ஏறக்குறைய எல்லோர் கையிலும் மடித்த சாக்குப்பை. கூடத்தில் நாற்காலி குறைவு என்பதை முன்கூட்டியே அறிந்து, தரையில் விரித்து உட்காரக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். நம் மக்களின் அறிவுத்தாகத்தை நாம் எவ்வளவு குறைத்து மதிப்பிடுகிறோம் என்று தோழரிடம் சொன்னேன். அவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு சாக்குப்பைகளைப் பார்த்தார்.

கண்காட்சியில் உண்மையான பொருள் ஒன்றே ஒன்றுதான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் எடுத்த குழி ஒன்றில் கிடைத்து, எங்கள் குழுவுக்கு அன்பளிப்பாக வந்த அம்மோனைட். சாப்பாட்டுத் தட்டளவு அகலம், ஆட்டுக்கிடாயின் கொம்பைப் போல உள்நோக்கிய சுருள். அதற்கு முன்னால் வந்து நின்ற ஒருவர், சட்டென்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சாளக்கிராமம் என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அடுத்து வந்தவர்களும் கழற்றினார்கள். அரைமணி நேரத்தில் மொசசாரின் வாலுக்கு அடியில் செருப்புகள் குவிந்துவிட்டன. திருத்துவதா வேண்டாமா என்று யோசித்தேன். கூடத்தின் தரை சுத்தமாக இருக்கும் என்ற நன்மையைக் கருதி விட்டுவிட்டேன்.

பிறகு ஒலிபெருக்கியைப் பிடித்து, ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு அரியலூர் கடலுக்கு அடியில் கிடந்ததையும், தருமபுரிப் பாறைகள் அதைவிடப் பல மடங்கு பழையவை என்பதால் நம் மாவட்டத்தில் எவ்வளவு தோண்டினாலும் டைனோசர் எலும்பு கிடைக்காது என்பதையும் விளக்கினேன். அப்படி ஒரு கவனத்தை நான் எந்தக் கூட்டத்திலும் கண்டதில்லை. கேள்விகளும் வந்தன. நான் மெய்மறந்திருந்ததால், அவற்றின் போக்கு எனக்கு உறைக்கவில்லை.

"இது எத்தன நாள்ல வருமுங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"இனிமே வராதுங்க. முழுசா அழிஞ்சு போச்சு."

"என்னா வுழுந்துச்சுங்க? கம்பளிப்பூச்சியா?"

"விண்கல்லுங்க. வானத்துலருந்து."

"அதுக்கு மருந்து இல்லீங்களா?"

அபாரமான கேள்வி என்று பாராட்டினேன். எதிர்காலத்தில் அப்படி ஒரு கல் வந்தால் அதன் பாதையை மாற்ற முடியுமா என்று உலகம் முழுவதும் ஆராய்கிறார்கள் என்றேன். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்து, அப்ப இன்சூரன்ஸ் கட்டிக்கறதுதான் நல்லது என்றார். கூட்டம் தலையசைத்தது.

முன்வரிசையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். மடித்த சாக்கு இரண்டை மடியில் வைத்துக்கொண்டு, நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் பொறுமையாகக் கேட்டிருந்தார். இப்போது அவர் எழுந்தார்.

"எல்லாஞ் செரி கண்ணு. வெதைய எப்பக் குடுப்பீங்க?"

நான் அதை உருவகமாக எடுத்துக்கொண்டேன். காலையிலிருந்து அதைத்தானே தூவிக்கொண்டிருக்கிறோம் என்று பணிவோடு சொன்னேன். அவர் தரையைக் குனிந்து பார்த்தார். பிறகு, எனக்கு உடம்பு சரியில்லையோ என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் கைப்பேசியை எடுத்து, பாலக்கோட்டுத் தக்காளி மண்டி எதிரே தாம் பிடித்த படத்தை என்னிடம் நீட்டினார்.

'டைனோசர் கால நிலக்கடலை. உயர் ரகங்கள். இலவசம்.'

வால் உயர்ந்த என் டைனோசர், காய் பிடித்த கடலைக் காட்டில் முழங்காலளவு செடிக்குள் நின்றுகொண்டிருந்தது.

ஃபிளெக்ஸ் கடைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் என் குரலைக் கேட்டதும் மகிழ்ந்தார். "மேடம், நீங்க அனுப்புனதுல ஒரு 'க்' விட்டிருந்தீங்க, ஒரு 'லை' விட்டிருந்தீங்க. 'உயிர்கள்'னு வேற இருந்துச்சு, 'அனுமதி'ன்னும் ஒண்ணு இருந்துச்சு. படிச்சவங்க, அவசரத்துல அடிச்சிருப்பீங்கன்னு நானே சரி பண்ணிட்டேன். அதுக்குத் தனியா காசு வேணாங்க" என்றார். வல்லினம் மிகாத இடங்களைப் பற்றி அவரிடம் பேசத் தொடங்கினேன். தோழர் என் கையிலிருந்து போனை வாங்கி, நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டேன். தவறு முழுவதும் என்னுடையது, விதை எதுவும் இல்லை, டைனோசர் காலத்தில் கடலையே கிடையாது, அது சில நூறு ஆண்டுகளுக்கு முன்பு தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர் என்று சொன்னேன். கடைசிச் செய்தி அப்போது தேவையில்லை என்று தோழர் பிறகு கருத்துத் தெரிவித்தார். கோபத்தை எதிர்பார்த்து நின்றேன். சிரிப்புதான் வந்தது. அவ்வளவு பெரிய மிருகத்துக்கு ஒரு ஏக்கரா செடி ஒரு வாய்க்குக் காணாதே, அப்போதே சந்தேகப்பட்டேன் என்றார் ஒருவர். நீ சந்தேகப்பட்டா எதுக்கு மூணு சாக்கு கொண்டாந்த என்று இன்னொருவர் கேட்டார். வந்ததற்குப் பார்த்துவிட்டே போகலாம் என்று பாதிப்பேர் மாதிரிகளைச் சுற்றி வந்தார்கள். மீதிப்பேர் டிராக்டருக்குப் போனார்கள்.

அந்த அம்மா மட்டும் போகவும் இல்லை, சுற்றவும் இல்லை. சாக்கைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

பாலக்கோட்டுக்கு அப்பால் அவருக்கு ஒரு ஏக்கர் மானாவாரி நிலம். புதன்கிழமை நல்ல மழை. உழுது வைத்தாகிவிட்டது. ஏர்க்காரரிடம் ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லியாகிவிட்டது. அதற்குமேல் தள்ளினால் மண் காய்ந்துவிடும். விதைக் கடலைக்காக அன்று காலை அரசு விதை டிப்போவில் வரிசையில் நின்றிருக்கிறார். அவருக்கு முன்னால் ஏழு பேர். அப்போதுதான் யாரோ வந்து, அதியமான்கோட்டையில் புது ரகம் சும்மாவே கொடுக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். வரிசையை விட்டுவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறார்.

டிப்போவுக்குப் போன் செய்து கேட்டோம். இருப்பு முடிந்துவிட்டது, அடுத்த வாரம் வரும் என்றார்கள்.

"அடுத்த வாரம் வெத வரும் கண்ணு. ஈரம் வராதே" என்றார் அந்த அம்மா. குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

எதைச் செய்தாலும் அதன் விளைவை நான்கு படி முன்னால் யோசிப்பவள் என்று எனக்கு என்னைப் பற்றி ஓர் எண்ணம் உண்டு. மொசசாருக்கு எத்தனை பல் என்பதில் தவறு நேர்ந்தால் சமூகத்துக்கு என்ன கேடு என்றுகூட யோசித்திருக்கிறேன். ஒரு ஒற்றெழுத்தை விட்டால் பாலக்கோட்டில் ஒரு ஏக்கர் தரிசாகும் என்பதை யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த நிலத்துக்கு விதை போய்ச் சேர வேண்டும்; வேறு எதுவும் எனக்கு முக்கியமாகப் படவில்லை.

மறுபடியும் ஒலிபெருக்கியை எடுத்து, யாரிடமாவது விதைக் கடலை மிச்சம் இருக்கிறதா, ஒரு ஏக்கருக்கு வேண்டும் என்று கேட்டேன். கூட்டத்தில் ஒருவரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மோனைட்டுக்கு முன்னால் முதன்முதலில் செருப்பைக் கழற்றியவர் அவர்தான். காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. கர்நாடக எல்லையோர ஊர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். அவர் பக்கம் இன்னும் மழை பெய்யவில்லை. விதைக்காக வைத்த காய் மூட்டை மூட்டையாக இருக்கிறது, அதில் இரண்டு மூட்டை தரலாம், அறுவடைக்குப் பிறகு காயாகவே திருப்பினால் போதும் என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொள்ளும் நிலையில் இருந்தேன்.

"ஆனா இன்னிக்கு ஆவாதுங்க மேடம். ஆடி வெள்ளி. வெள்ளிக்கெழம வெத வூட்ட வுட்டுப் போனா, லட்சுமியும் கூடவே போயிருவா."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்குச் சனிக்கெழமைங்க. லட்சுமி போவ மாட்டா. சனியன் வருவான்." பிறகு பெருந்தன்மையோடு, "ஞாயித்துக்கெழம தாராளமா வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஏர் பூட்ட வேண்டும். அதற்கு முன்பு இரண்டு மூட்டைக் காயையும் கையால் உரித்தாக வேண்டும். மிஷினில் போட்டால் பருப்பு உடைந்து முளைக்காது. நம்பிக்கைகளுக்கும் காரணகாரியத்துக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துச் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அந்த அம்மா என் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அவரோடு தாமே பேசினார்.

"ஏன் சாமி, ஒண்ணு வெளியப் போவயில ஒண்ணு உள்ள வந்துட்டா? மாத்துதானே அது. மாத்துக்கு ஏது தோசம்?"

மாற்று என்றால் குற்றமில்லைதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் லட்சுமிக்கு ஈடாக வீட்டுக்குள் வருகிற பொருள் அவளுக்குச் சமமாக இருக்க வேண்டும் அல்லவா என்று கேட்டுவிட்டு, மெதுவாகத் திரும்பி அம்மோனைட்டைப் பார்த்தார். எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

அது ஆய்வுப் பொருள், குழுவின் உடைமை. அதைவிடப் பெரிய சிக்கல், அறிவியல் மனப்பான்மையை வளர்க்கப் புறப்பட்ட நான், ஒரு புதைபடிவத்தைப் பூஜையறைக்கு அனுப்பிவைத்தால் அதன் விளைவு என்ன என்பது. தோழரைத் தனியாக அழைத்து இவ்வளவையும் வரிசையாகச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஆறரக் கோடி வருசம் இருந்தது, அறுவடை வரைக்கும் இருக்காதா?" என்றார்.

அந்த அம்மாவின் சாக்குகளைப் பார்த்தேன். ஒப்புக்கொண்டேன். ஆனால் உண்மையை மறைத்துக் கொடுக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். "இது கடல்ல இருந்த ஒரு பிராணிங்க. கணவா மீனுக்குச் சொந்தம். சின்ன மீனு, நண்டெல்லாம் புடிச்சுத் தின்னது. நல்லா யோசிச்சுக்கோங்க" என்றேன்.

"பெருமாளே மீனா வந்தவருதானே மேடம்" என்றார் அவர்.

நான் பராமரிப்பு விதிகளுக்குப் போனேன். அது சுண்ணாம்புச் சத்து. புளிப்பு பட்டால் கரையும். ஆகவே எலுமிச்சை கூடாது, தயிர் கூடாது, மஞ்சள், எண்ணெய் எதுவும் கூடாது, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எலுமிச்ச ஆவாத சாமிங்க" என்று பக்கத்திலிருந்தவர்களுக்கு விளக்கினார். "ரொம்ப ஆச்சாரம் போல." என் அறிவியல் வாழ்க்கையில் நான் சொன்ன எந்த அறிவுரையும் அவ்வளவு பயபக்தியோடு பின்பற்றப்பட்டதில்லை.

பிற்பகலில் தோழர் வேனை எடுத்தார். நடு இருக்கையில் அம்மோனைட்டை மடியில் வைத்துக்கொண்டு விதைக்காரர். பின்னால் நானும் அந்த அம்மாவும் சாக்குகளும். விதைக்காரர் வீட்டு வாசலில் மாற்றுக்கு ஒரு முறை இருந்தது. விதை வாசற்படியைத் தாண்டும் அதே நேரத்தில் அம்மோனைட் உள்ளே நுழைய வேண்டும். எது முந்தினாலும் கணக்குத் தப்பும். வாசலோ ஒற்றைக் கதவு. மூட்டையைத் தூக்கிய தோழரும் கல்லைத் தூக்கிய அவரும் நிலைப்படியில் பக்கவாட்டாக மாட்டிக்கொண்டு, முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் நின்றார்கள். "ஆகலி, ஆகலி" என்று, ஆகட்டும் ஆகட்டும் எனக் கன்னடத்தில் உள்ளிருந்து அவர் மனைவி அவர்களை அவசரப்படுத்தினார். தோழர் வயிற்றை உள்ளிழுத்தார். கடல் உள்ளே போயிற்று. கடலை வெளியே வந்தது. இரண்டாவது மூட்டை முதல் மூட்டையின் மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரரே தீர்ப்பளித்தார்.

சனிக்கிழமை கண்காட்சியின் இரண்டாம் நாள். கூடத்து வாசல் பலகையில் நான் எழுதி வைத்திருந்த அனுமதி இலவசம் என்ற வரியை அடித்துவிட்டு, அனுமதிக்கு ஒரு முறம் காய் உரிக்க வேண்டும் என்று எழுதி ஒட்டினேன். யாராவது எதிர்ப்பார்கள் என்று பயந்தேன், யாரும் எதிர்க்கவில்லை. டைனோசர் மாதிரியைச் சுற்றிச் சம்மணமிட்டு உட்கார்ந்து உரித்தார்கள். என் அனுபவத்தில் கண்காட்சிக்கு வருகிறவர்கள் ஒரு மாதிரிக்கு அரை நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. கைக்கு வேலை இருந்ததால் இவர்களால் எழுந்து போக முடியவில்லை. இந்தியா அப்போது தனித் தீவாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது என்று தொடங்கி, தக்காணத்தில் எரிமலைக் குழம்பு ஓடியது வரை ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தேன். தீவாக இருந்தால் மழை நல்லா பெய்திருக்குமே, எதுக்கு நகர்ந்து வந்தோம் என்று ஒரு பெண்மணி வருத்தப்பட்டார். உரித்ததில் ஒரு பங்கு வாய்க்குள் போனது உண்மை. விதையைத் தின்னாதீர்கள் என்று நான் மூன்று முறை அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த அம்மா ஒரே முறை, "தின்னுங்க, தின்னுங்க. மொளைக்காம போனா உங்க வூட்டு வாசல்லதான் வந்து உக்காருவேன்" என்றார். வாய்கள் நின்றன. மாலை ஐந்து மணிக்குள் இரண்டு மூட்டையும் பருப்பாகிவிட்டது.

ஞாயிறு விடியலில் நானும் அவர் நிலத்தில் நின்றேன். குற்றம் செய்தவள் கடைசிவரை கூட இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. ஏர் முன்னால் போக, பின்னால் நாங்கள் சாலில் ஒவ்வொரு பருப்பாகப் போட வேண்டும். விதைக்கு விதை எவ்வளவு இடைவெளி என்று முந்தைய நாளே படித்துவிட்டு வந்திருந்தேன். என் ஜாணால் அளந்து, குனிந்து, வைத்து, மறுபடியும் அளந்தேன். "கண்ணு, மாடு நிக்காது" என்றார் அந்த அம்மா. நான் நிமிர்ந்தபோது ஏர் மறுமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அடுத்த சால் மண் என் விதைகளை மூடுவதற்கு முன்பு ஓடி ஓடிப் போட்டு முடித்தேன். எனக்கு ஒரே ஒரு சால்தான் கொடுத்தார்கள். மற்றவற்றை அவரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவரும் பேசிக்கொண்டே போட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் வேறு எதையும் சரியாகச் செய்யவில்லை. ஈரம் போதுமா, விதை பழுதா, இரண்டு நாள் கைமாறியதில் ஏதாவது கெட்டிருக்குமா என்றே யோசித்தேன். எல்லைப் பக்கத்திலிருந்து ஒரு நாள் போன் வந்தது. அங்கேயும் மழை பெய்துவிட்டதாம். சாமி உள்ளே வந்த நாலாம் நாளே பெய்ததாம். பருவமழையின் இயல்பைப் பற்றி நான் விளக்கியதை அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் காலை அந்த அம்மா கூப்பிட்டார்.

"மொளச்சிருச்சு கண்ணு. காடு பூரா ஒரே மாதிரி வந்திருக்குது."

எத்தனை சதவீத முளைப்பு என்று கேட்டேன்.

"ஒரு சாலு மட்டும் சொட்டையா இருக்குது. அங்கங்க ரெண்டு ரெண்டு, நடுவுல முழ நீளத்துக்கு ஒண்ணுமில்ல. யாரு போட்டதுன்னு நான் சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன். அதற்குள் ஈரம் போய்விடும், ஒரு பிடி பருப்பு எடுத்து வைத்திருக்கிறேன், இன்றைக்கே வந்து முளைக்காத போக்கிடம் பார்த்து ஊன்றிவிட்டுப் போ, இந்த முறை ஜாண் எல்லாம் வேண்டாம் என்றார். அலுவலகத்துக்கு எழுதிய விடுப்புக் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று சற்று நேரம் யோசித்தேன். 'நிலக்கடலை' என்று ஒற்றோடு எழுதிக் கொடுத்துவிட்டுப் பாலக்கோட்டுப் பஸ்ஸில் ஏறினேன்.